பள்ளியில் சக மாணவர்கள் செய்யும் சீண்டலைச் சட்டத்தால் நிறுத்த முடியுமா?

எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனை நாலு பையன்கள் ஜூலை மாதத்திலிருந்து விடாமல் சீண்டுகிறார்கள். பட்டப்பெயரில் ஆரம்பித்து, பையை ஒளித்துவைப்பது, கழிப்பறைக்குள் போனால் வெளியே தாழ்ப்பாள் போடுவது வரை வந்துவிட்டது. வகுப்பாசிரியரிடம் இரண்டு தடவை சொல்லியும் "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்ற பதில்தான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதற்கென்றே சட்டம் இருக்கிறதாமே, நம் ஊரில் உண்டா, சட்டம் போட்ட இடங்களில் பள்ளிகள் மாறியிருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இதற்குள் நீங்கள் எழுதாத இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தால் பையனின் நிலைமை சரியாகுமா, இல்லை இன்னும் மோசமாகிவிடுமா? அதற்குத்தான் கடைசியில் வர வேண்டும். சட்டத்தைப் பேசாமல் அங்கே போக முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் வக்கீல் இல்லை. அரசுப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவன், கடைசி 8 வருடம் தலைமையாசிரியர். குழந்தைகள் தொடர்பான சட்டங்களைப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து கொஞ்சமும், மேசைக்கு வந்த புகார்களை வைத்துக்கொண்டு முழித்து நிறையவும் கற்றுக்கொண்டேன். ஆகவே சட்டப் பிரிவுகளைப் பற்றி நான் சொல்வதை, வழக்கு என்று போகிற நிலை வந்தால், ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு புகார் எப்படிப் பயணம் செய்யும் என்பதில் என்னை நம்பலாம்.

முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் புல்லிங் என்கிறார்கள். நம்மிடம் கேலி, கிண்டல், சீண்டல், வம்பு என்று பத்து வார்த்தை இருக்கிறது, எல்லாவற்றிலும் பாதி சிரிப்பு கலந்திருக்கிறது. பையன்களைக் கூப்பிட்டு விசாரித்தால் "சும்மா கலாய்ச்சோம் சார்" என்பார்கள். முக்கால்வாசி நேரம் அது உண்மையாகவும் இருக்கும், மறுநாள் அவர்களே தோளில் கை போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்போம். எது கலாய்ப்பு, எது துன்புறுத்தல் என்று பிரிக்க ஒரு அளவுகோல் வேண்டும். நார்வேயில் 1970-களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஒல்வேயுஸ் என்ற உளவியலாளர் வைத்த மூன்று அடையாளங்கள் எனக்கு இன்றுவரை போதுமானவையாக இருக்கின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாத இடத்தில் செய்வது. நாலு பேர் சேர்ந்து ஒருவனை, ஜூலையிலிருந்து, வெளியிலிருந்து தாழ் போட்டு. உங்கள் மகன் விஷயத்தில் மூன்றும் இருக்கிறது. இதைக் கலாய்ப்பு என்று ஒதுக்க வகுப்பாசிரியருக்கு இடமே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, 1997-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம். அது எப்படி வந்தது என்பது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மறக்காது. 1996 நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்த நாவரசுவை ஒரு சீனியர் மாணவன் கொன்றான். நாவரசுவின் தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தமிழ்நாடே உறைந்துபோனது. சில வாரங்களில் அவசரச் சட்டம், அடுத்த வருடம் முழுச் சட்டம். வழக்கோ வேறு தடத்தில் போனது: 1998-ல் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை மறுபடி நிலைநிறுத்தியது. கொலை நடந்து முடிவு தெரிய 14 வருடத்துக்கு மேல். அந்தத் தண்டனை கொலைக்காகக் கொடுக்கப்பட்டது, ராகிங் சட்டத்தின்கீழ் இல்லை. ஏனென்றால் அந்தச் சட்டமே நாவரசுவின் சாவுக்குப் பிறகு பிறந்தது.

அந்தச் சட்டத்தின் வாசகம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு மாணவருக்கு உடல் அல்லது மனப் பாதிப்பு, பயம், வெட்கம், சங்கடம் உண்டாக்கும் செயல்கள், கேலி செய்வது, வசைபாடுவது, அவர் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வது எல்லாம் ராகிங். எந்தக் கல்வி நிறுவனம் என்றாலும் பொருந்தும் என்பதுதான் வாசகம், ஆக பள்ளிக்கூடத்தையும் உள்ளே இழுக்கலாம். 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது 6, 7-ஆம் பிரிவுகள். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், உண்மை என்று தெரிந்தால் இடைநீக்கம் செய்ய வேண்டும். புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவரும் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்பட்டு அதே தண்டனைக்கு உள்ளாவார். அதாவது முதன்முறையாகச் சட்டம், அடித்த பையனைத் தாண்டி நாற்காலியில் இருப்பவரையும் பார்த்தது.

கல்லூரிகளில் இதன் விளைவு என்ன? நான் பார்த்தவரை, வெளிப்படையான ராகிங் குறைந்தது நிச்சயம். என் காலத்தில் ஹாஸ்டல் வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து நடத்தியதை இன்றைக்கு யாரும் பட்டப்பகலில் செய்ய மாட்டார்கள். ஆனால் இது சட்டம் வந்த மறுநாள் நடந்துவிடவில்லை. 2009-ல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்த பிறகு பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் கொண்டுவந்தது. மாணவரும் பெற்றோரும் வருடந்தோறும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும், தேசிய அளவில் ஒரு உதவி எண். இந்தச் சில்லறை வேலைகள் சேர்ந்த பிறகுதான் சட்டத்துக்குக் கால் முளைத்தது. கால் முளைக்காத உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 1997-ல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர் இறந்த பிறகு, ராகிங்கைத் தடுக்க 1998-ல் 20-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கடுமையான சட்டம்தான். அங்கே பல்கலைக்கழகங்களில் பகிடிவதை (ராகிங்கை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) இன்னும் செய்தியாகிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்போது பள்ளிக்கு வாருங்கள், இங்கேதான் சட்டை அளவு பொருந்தாமல் போகிறது. ராகிங் சட்டம் 18, 19 வயதுக்காரர்களை மனதில் வைத்துத் தைத்தது. அதன் 5-ஆம் பிரிவு, தண்டனை பெற்ற மாணவரை நீக்க வேண்டும், வேறு எங்கும் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை மீது, மிகக் கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழிய, போலீஸ் முதல் தகவல் அறிக்கை போடுவதே இல்லை. நாட்குறிப்பில் எழுதி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தண்டனை பெற்றான் என்ற முத்திரை அந்தப் பிள்ளையின் பிற்கால வாழ்க்கையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் ஏற்பாடு. இதெல்லாம் சரியான ஏற்பாடுகள்தான், உங்கள் மகனைச் சீண்டும் நாலு பேருக்கும் 13 வயதுதானே ஆகிறது. ஆனால் "போலீஸில் சொன்னால் நாலு பேரையும் தூக்கிவிடுவார்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

மற்ற சட்டங்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. நடைமுறையில் அது ஆசிரியர் கையிலிருக்கும் பிரம்பைப் பற்றியது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். சீண்டல் பாலியல் தன்மையுடையது என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ வரும். பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பிள்ளையைச் சாதிப் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். இந்த இரண்டும் இல்லாத, சாதாரண, தினசரி, நசநசவென்ற கொடுமைக்கு, அதாவது பிள்ளை பிள்ளைக்குச் செய்வதற்கு, பள்ளிக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. மத்திய பாடத்திட்டப் பள்ளி என்றால் 2015-ல் சி.பி.எஸ்.இ. அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று உண்டு, ஒவ்வொரு பள்ளியிலும் சீண்டல் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லி. உங்கள் பையன் அந்தப் பாடத்திட்டத்தில் படித்தால் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் பள்ளியில் ஒரு சலசலப்பு வரும், வரட்டும்.

போக்சோவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒரு சட்டம் பள்ளியை மாற்றியதை நான் கண்ணால் பார்த்தது அதில்தான். தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை என்று அதன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன்னால் இப்படி ஒரு விஷயம் காதில் விழுந்தால் ஊர்ப் பெரியவர் நாலு பேரைக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்தி, பேசி முடித்துவிடுவார்கள். நானே அப்படி முடிக்கப்பட்ட ஒரு அறையில், இளம் ஆசிரியனாக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். சட்டம் வந்த பிறகு தலைமையாசிரியர் கூட்டங்களில் பேச்சு மாறியது. "சார், நாம சொல்லலைன்னா நாமதான் உள்ள போகணும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எங்கள் மனசாட்சி திடீரென்று விழித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயம்தான். ஆனால் அந்தப் பயம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட வைத்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சில் சாதியை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் பேசியதாகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள், கூடப் படித்த பையன்கள். அந்த மாணவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். தன்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது அது. அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடைமொழியை எடுக்க வேண்டும் என்பவை செய்தித்தாளில் பெரிதாக வந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை இரண்டு: கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பதும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பதும். நல அலுவலர் யோசனையை அடிக்கோடிட்டுப் படித்தேன். புகாரை வாங்குபவரும், விசாரிப்பவரும், பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான்தானே அந்த ஆள்.

சட்டம் போட்ட ஊர்களில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபரில் ஓட்சு என்ற ஊரில் 13 வயதுப் பையன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். பள்ளி மற்ற மாணவர்களிடம் எழுதி வாங்கிய வாக்குமூலங்களில் அவன் பட்ட கொடுமை இருந்தது, கல்வி வாரியம் அதைச் சரியாகத் தோண்டவில்லை. மறு வருடம் அது வெளியே வந்து நாடே கொதித்தது, போலீஸ் பள்ளிக்குள் சோதனைக்கு வந்தது. 2013-ல் சீண்டல் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வலித்ததா என்பதை வைத்தே சீண்டலா இல்லையா என்று பார்க்கச் சொல்வது. "சும்மா விளையாட்டுக்கு" என்ற பதில் அங்கே செல்லாது. சரி, எண்ணிக்கை குறைந்ததா? 2013 கல்வியாண்டில் பள்ளிகள் பதிவுசெய்தவை 1,85,803. 2019-ல் 6,12,496. 2023-ல் 7,32,568.

இதைப் பார்த்து சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு எழுதப்படாதது இப்போது எழுதப்படுகிறது என்பதுதான் இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி, ஜப்பானியக் கல்வி அமைச்சகமும் அப்படித்தான் பார்க்கிறது. ஒரு சம்பவம்கூட இல்லை என்று கணக்குக் கொடுக்கும் பள்ளி, அதை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாகச் சொல்லி, விடுபட்டது ஏதும் உண்டா என்று சரிபார்க்க வேண்டும் என்றே அவர்கள் கேட்கிறார்கள். நம் ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் இதைக் கேட்டால் சிரிப்பார். இங்கே பூஜ்யம் என்று எழுதினால்தான் நல்ல பள்ளி. படிவத்தில் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று வரிசையாக நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு அனுப்பியவன் நான். அதே சமயம், ஜப்பானில் உண்மையான சீண்டல் குறைந்ததா கூடியதா என்பதை இந்த எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. பதிவு கூடும்போது சம்பவம் குறைந்தும் இருக்கலாம், கூடியும் இருக்கலாம்.

அமெரிக்காவில் 1999-ல் ஜார்ஜியா மாநிலம் தொடங்கி 2015-ல் மான்டானாவோடு 50 மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கறாரானது நியூ ஜெர்சியின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம். ஆசிரியர் கண்ணில் பட்டால் அன்றைக்கே வாயால் சொல்ல வேண்டும், இரண்டு பள்ளி நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு நாளுக்குள் விசாரணை தொடங்கி 10 பள்ளி நாளுக்குள் முடிய வேண்டும், முடிவு பெற்றோருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்று பொறுப்பான ஒருவர். கேட்க அருமையாக இருக்கிறதல்லவா? ஆனால் 2012 ஜனவரியிலேயே அந்த மாநிலத்தின் குழு ஒன்று, வேலையைச் சுமத்திவிட்டுப் பணம் கொடுக்கவில்லை என்று அந்தச் சட்டத்தைக் குறைசொன்னது. பிறகு 10 லட்சம் டாலர் ஒதுக்கி ஒட்டுப்போட்டார்கள். புதுப் பதிவேடுகள் வந்து குவியும், ஆள் மட்டும் வராது என்பது உலகம் முழுக்க ஒரே கதைதான் போலிருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2015-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் அமெரிக்காவின் 25 மாநிலங்களின் 60,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்தார்கள். மத்தியக் கல்வித் துறை பரிந்துரைத்த அம்சங்களில் ஒன்றாவது தங்கள் சட்டத்தில் உள்ள மாநிலங்களில், ஒரு மாணவர் சீண்டலுக்கு உள்ளாகும் வாய்ப்பு சுமார் 24 சதவீதம் குறைவாக இருந்தது. எது எதெல்லாம் குற்றம் என்று தெளிவாக எழுதியிருப்பது, சட்டம் எந்த இடம்வரை செல்லும் என்று சொல்லியிருப்பது, ஒவ்வொரு மாவட்டமும் தனக்கான விதிமுறை எழுத வேண்டும் என்பது, இவை இருந்த இடங்களில் நிலைமை நன்றாக இருந்தது. ஆனால் அது ஒரே சமயத்தில் எடுத்த படம். நல்ல சட்டம் போட்ட மாநிலம் ஏற்கெனவே நல்ல பள்ளிகள் உள்ள மாநிலமாக இருந்திருக்கலாம். சட்டத்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல அது போதாது. அயோவா மாநிலத்தில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் சுவாரசியமானது: சட்டம் வந்த கையோடு "என்னைச் சீண்டுகிறார்கள்" என்று சொல்பவர்கள் அதிகமானார்கள், பிறகு மெல்லக் குறைந்தது.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. சட்டத்தோடு நிற்காமல் பள்ளிக்குள் திட்டமிட்டு வேலை செய்த இடங்களில் பலன் தெரிகிறது. 2009-ல் பல நாடுகளின் இத்தகைய திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டவர்கள், சராசரியாக 20 முதல் 23 சதவீதம்வரை சீண்டல் குறைந்ததாகக் கண்டார்கள். பெற்றோர் கூட்டங்கள், விளையாட்டு மைதானத்தில் ஒழுங்கான கண்காணிப்பு போன்றவை இருந்த திட்டங்கள் நன்றாக வேலை செய்தன. ஐந்தில் ஒரு பங்குதானா என்று நினைக்காதீர்கள். 500 பேர் படிக்கும் பள்ளியில் அது எத்தனை முகங்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெறும் கண்டிப்பு, முதல் தடவையிலேயே டி.சி. கிழிப்பது போன்றவற்றை நான் நம்புவதில்லை. அப்படிச் செய்தால் பிள்ளைகள் புகார் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். "நான் சொன்னா அவன் படிப்பே போயிடும் சார்" என்று சீண்டப்பட்ட பையனே என்னிடம் வந்து புகாரைத் திரும்ப வாங்கியிருக்கிறான்.

மைதானக் கண்காணிப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். சீண்டல் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "சார், காலையில் ரொப்பிக் கொடுக்கிற தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது, வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் பாத்ரூம்ல பூந்துக்கிறான்" என்றார். மருத்துவரிடம் காட்டியாயிற்றாம். எனக்கும் முதலில் விளங்கவில்லை. இரண்டு நாள் இன்டர்வெல்லில் கழிப்பறை பக்கமாகச் சும்மா நடந்தேன், மூன்றாவது நாள் புரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர் அங்கே சுவரில் சாய்ந்து நிற்பார்கள். சின்னப் பையன்கள் உள்ளே போனால் ஏதாவது நடக்கும். அதனால் அவன் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை தண்ணீரே குடிப்பதில்லை. நான் செய்ததெல்லாம் இன்டர்வெல் நேரத்தை இரண்டாகப் பிரித்து, சின்ன வகுப்புகளுக்குப் பத்து நிமிடம் முன்னால் மணி அடிக்கவைத்து, பி.டி. சார் நாற்காலியை அந்த வேப்பமரத்தடிக்கு மாற்றியதுதான். அடுத்த வாரம் பாட்டில் காலியாக வந்தது. இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் நானாகப் போயிருப்பேனா என்றால், இல்லை. போகச் சொல்லி எந்த விதியும் இல்லை, எனக்கும் ஆயிரம் வேலை.

இன்னொன்று, நான் சொதப்பியது. எட்டாம் வகுப்பு, உங்கள் மகன் கதை மாதிரியே நாலு பேர். அப்பா எழுத்தில் புகார் கொடுத்தார். நாலு பேரையும் கூப்பிட்டுச் சத்தம் போட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, கோப்பில் வைத்தேன். சீண்டப்பட்டவனையும் கூட்டிவந்து கைகுலுக்க வைத்தேன், பெரிய சமாதானத் தூதன் மாதிரி. மூன்று மாதம் கழித்து அந்தப் பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போனான். கோப்பை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நாலு கடிதமும் ஒரே கையெழுத்து. நாலிலும் ‘மண்ணிப்பு’ என்று ஒரே பிழை. நன்றாக எழுதத் தெரிந்தவன் ஒருவன் நாலு பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறான், நான் படித்துக்கூடப் பார்க்காமல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய தவறு அந்தக் கைகுலுக்கல். பலம் சமமில்லாத இடத்தில் சமாதானம் பேசினால், பலவீனமானவன் தலையாட்டிவிட்டுப் போவான், வெளியே போய் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

ஆகவே உங்கள் மறைமுகக் கேள்விக்கு என் பதில் இது. புகார் வாய்மொழியாக இருந்து, அதன் பேரில் ஒரு சத்தமும் ஒரு மன்னிப்புக் கடிதமும் மட்டும் நடந்தால் நிலைமை மோசமாகும் வாய்ப்பு அதிகம். எழுத்தில் இருந்து, அடுத்து யார் எப்போது என்ன செய்வார்கள் என்று தேதியோடு இருந்தால் பெரும்பாலும் சரியாகும். நான் பார்த்த அளவில் சொல்கிறேன், இதற்குப் புள்ளிவிவரம் கிடையாது. வெளிநாட்டுச் சட்டங்கள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்: எழுது, தேதி போடு, பொறுப்பாளரைச் சொல். சட்டம் இல்லாத இடத்தில் அந்த வேலையைப் பெற்றோர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அநியாயம்தான்.

கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு எழுதுங்கள், வகுப்பாசிரியருக்கு வேண்டாம். ‘தொந்தரவு செய்கிறார்கள்’ என்று பொதுவாக எழுதாமல் எந்தத் தேதி, எந்த இடம், யார், என்ன, யார் பார்த்தார்கள் என்று நாலைந்து சம்பவத்தை எழுதுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளைக் கட்டாயம் எழுதுங்கள், அதைக் கேலி என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு பையன்களுக்கும் தண்டனை கேட்காதீர்கள். இடைவேளையில் அந்தப் பக்கம் யார் நிற்பார்கள், வகுப்பில் அவன் எங்கே உட்காருவான், இரண்டு வாரம் கழித்து யாரைச் சந்திக்கலாம் என்று கேளுங்கள். அவனையும் அந்த நால்வரையும் ஒரே அறையில் வைத்துச் சமாதானம் பேச வேண்டாம் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பதில் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழு, அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர், கூடவே கல்வித் துறையின் உதவி எண் 14417. உடம்பில் காயம், பாலியல் சீண்டல், சாதிப் பேச்சு, பையன் உயிரை வெறுத்துப் பேசுவது, இவற்றில் எது இருந்தாலும் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் நேராக 1098.

இதையெல்லாம் பையனிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள். அவனுக்குத் தெரியாமல் கடிதம் போனால் அவன் உங்களிடமும் சொல்வதை நிறுத்திவிடுவான். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். "எதுக்கு சார் இதெல்லாம், நாங்க பாத்துக்க மாட்டோமா" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள், முத்திரை மேசையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கும்.